ஒரே ஒரு நாற்காலி அனுப்பிய மகனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை, அவள் வீட்டுக்காரர், குழந்தை எல்லோரும் சௌக்கியம். நீயும் மருமகளும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் வேண்டுதல். நான் சௌக்கியம் என்று ஒப்புக்கு எழுதவில்லை. நல்ல தெம்போடு இருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கோபப்பட முடிகிறது. இந்தக் கடிதத்தை நடந்துகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. உட்கார உனக்கு அங்கே நாற்காலி இருக்கும். எனக்குத்தான் நீ அனுப்பவில்லை. போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ சரிம்மா, சரிம்மா, டென்ஷன் ஆகாதம்மா என்று தட்டிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவாய். நீ தட்டிக்கொடுத்தால் எனக்குக் கோபம் இறங்கிவிடும். இந்தத் தடவை இறங்கக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நாற்காலியைப் பற்றி. வந்து சேர்ந்தது. படகில் போட்டுக்கொள்ள நல்ல நாற்காலி, அதில் குறை சொல்ல மாட்டேன். சாம்பல் நிற மெத்தை, முதுகுக்குச் சாய்மானம், தண்ணீர் பட்டாலும் ஊறாத துணி, கீழே நிற்க ஒரு குழாய், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம், வேண்டிய திசையில் ஒரு கம்பியைச் செருகி அசையாமல் நிறுத்திக்கொள்ளலாம். கூரியர்காரர் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்து கேட்டபோது, இன்னொரு பெட்டி எங்கே என்று கேட்டேன், எங்கள் இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன் என்று நீ போனில் சொல்லியிருந்தாய் அல்லவா? ஒண்ணுதாம்மா இருக்கு என்றார். வண்டிக்குள் நன்றாகப் பாருங்கள், பெரிய சாமான், அடியில் எங்காவது மாட்டியிருக்கும் என்றேன். பாவம், அந்த மனிதர் எனக்காக மறுபடியும் வண்டிக்குள் ஏறி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். சரி, கனமான பொருள், தனித்தனியாக வருமாக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். இரண்டாவது பெட்டிக்காகச் சின்ன அறையில் இடம் ஒதுக்கி வைத்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போவேன். உன் தங்கையிடம் வேறு பெருமையடித்துக்கொண்டேன், அண்ணன் எங்க ரெண்டு பேருக்கும் நாற்காலி அனுப்பியிருக்கான்டி என்று. அவள் குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம், யார் விஷயமோ அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

கடைசியில் உன் அப்பாதான் சொன்னார். அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இன்னொண்ணு வராது, ஒண்ணு போதும்னு நான்தான் பையன்கிட்ட சொன்னேன், இனிமே நீ படகுல வர வேண்டாம், வீட்டுல ஓய்வா இரு என்றார். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஓய்வாம். யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? உன்னிடம் எப்போதாவது, பெரியவனே, அம்மாவுக்கு முடியவில்லை, என்னைக் கரையில் உட்கார வை என்று சொல்லியிருக்கிறேனா? நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷத்திலிருந்து அந்தப் படகின் பின்பக்கம் உட்கார்ந்து எஞ்சின் கைப்பிடியைப் பிடித்திருப்பவள் நான். உன் அப்பா வலை போடுவதில் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படகு ஓட்டுவதில் அவர் எப்படி என்று துறையில் யாரை வேண்டுமானாலும் கேள், சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அவர் முன்னால், நான் பின்னால், அவர் வலையைப் பார்ப்பார், நான் வழியைப் பார்ப்பேன். இத்தனை வருஷம் இப்படித்தான் ஓடியது. அந்த என் இடத்தை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து போனிலேயே எடுத்துவிட்டீர்கள். வீட்டில் பழைய பீரோவை விற்பதாக இருந்தால்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்பீர்கள்.

நான் படகில் விழுந்ததால்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லாதே. அந்தக் கதையை உன் அப்பா உனக்கு எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வயசாயிடுச்சு, நிலை தடுமாறி விழுந்துட்டா என்றுதானே? நான் தடுமாறவில்லை. பலகை உடைந்தது. உட்காரும் பெட்டிமேல் இருந்த பிளைவுட் திருகாணி போட்ட இடமெல்லாம் ஊறி மாவாகிப்போயிருந்தது. மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று போன மழைக்கு முன்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன், பார்க்கலாம் பார்க்கலாம் என்று கடத்திக்கொண்டே வந்தவர் அவர். அன்றைக்கு நான் உட்கார்ந்தபடியே உள்ளே போனேன். கால் இரண்டும் மேலே, தலை பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில், உள்ளே அடைத்திருந்த தெர்மோகோல் நொறுங்கி இடுப்பு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. இருபது வயதுக்காரி உட்கார்ந்திருந்தாலும் பலகை உடைந்தால் கீழேதான் விழுவாள். சரி, விழுந்தேன். அடுத்து நடந்ததை அவர் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார், நானும் யாரிடமும் சொல்லவில்லை. நான் கத்தினேன். என்னங்க, என்னங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். எஞ்சின் ஓடவில்லை, காற்றும் இல்லை, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையை இழுத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. வலை முழுவதையும் இழுத்துப் போட்டு, மீனை எல்லாம் உதறி எடுத்து, அப்புறம்தான் ஏதோ கேட்பதற்காகத் திரும்பினார். அதுவரைக்கும் நான் காலை மேலே வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புரிகிறதா? உன் அப்பாவுக்குக் காது கேட்காது. கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொள்ளாதே. வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் பக்கத்தில் நின்று கத்தினால் பாதி விழுகிறது. இரண்டு வருஷமாக இப்படித்தான். யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் நீங்கள் படகை விற்கச் சொல்வீர்களாம். அந்தச் சத்தியத்தை இந்தப் பத்தியில் உடைத்துவிட்டேன், அவருக்கும் சொல்லிவிட்டுத்தான் உடைக்கிறேன். நீ அவரிடம் பேசும்போதெல்லாம் ஆமாம்பா, நல்லதுப்பா, உடம்பைப் பார்த்துக்கோப்பா என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுப்பாரே, அதுதான் அவருடைய பேச்சு சாமர்த்தியம். ஒரே நாற்காலி போதும் என்று சொன்னபோதும், தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உன் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்திருப்பார். இந்த மனிதர் தனியாகப் படகில் போவதற்குத்தான் நீ ஒற்றை நாற்காலி அனுப்பி வைத்தாய். உனக்குத் தெரியாது, சரி. தெரியாது என்றால் தெரிந்தவளிடம் கேட்க வேண்டும். அம்மா, நீ இனிமேல் படகில் போகப்போவதில்லையாமே, உண்மையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். அந்த ஒரு கேள்வியைத்தான் நீ கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேள். உன் தங்கைக்குக் காய்ச்சல் என்று நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தையை யார் பார்ப்பது? அவள் வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரம் எங்கே என்று படுத்திருப்பவளை எழுப்பிக் கேட்பார். நான் அந்தப் பக்கம் போனதும் உன் அப்பா ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு துறைக்குப் போயிருக்கிறார். தச்சர் என்றால் படகுத் தச்சர் இல்லை. பின் தெருவில் கட்டிலும் அலமாரியும் செய்பவர். படகுக்குள் அவர் கால் வைத்ததே அன்றைக்குத்தான். இரண்டு பேரும் சேர்ந்து முன்னால் இருந்த பெட்டி, பின்னால் இருந்த பெட்டி இரண்டையும் அறுத்து எடுத்துவிட்டார்கள். உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன், நம் படகில் உட்காருவதற்கு இருப்பவை வெறும் பலகைகள் இல்லை, பெட்டிகள். உள்ளே நெருக்கமாகத் தெர்மோகோல் அடைத்திருக்கும். படகில் தண்ணீர் ஏறினாலும் கீழே போகாமல் மிதப்பது அதனால்தான். அந்தத் தெர்மோகோலை எல்லாம் வாரித் துறைக்குப் பின்னால் குப்பையில் கொட்டிவிட்டார்கள். என் இடத்தில் படகின் தளத்திலேயே புது நாற்காலியை வைத்து, அலமாரிக்கதவுக்குப் போடும் சின்னச் சின்னத் திருகாணியால் முடுக்கிவிட்டார்கள். அடியில் ஒரு கட்டை கிடையாது, போல்ட் கிடையாது, வாஷர் கிடையாது. தளத்தின் கனம் என் சுண்டுவிரல் அளவுகூட இருக்காது, அதில் திருகாணி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அவர் முன்னால் உட்கார்ந்த இடம் காலியாக இருக்கிறதே, படகு மூக்கைத் தூக்குமே என்று அங்கே ஐஸ் பெட்டியைப் பாரத்துக்கு வைத்தார்களாம். அவர் இடத்தில் ஐஸ் பெட்டி, என் இடத்தில் அவர். என்ன அருமையான குடித்தனம் பார்.

நான் திரும்பி வந்தது அவர் முதல் தடவை தனியாகக் கிளம்பிய காலையில். வீடு பூட்டியிருந்தது, நேராகத் துறைக்குப் போனேன். அவர் கயிற்றை அவிழ்த்துப் போய்விட்டிருந்தார். நம் படகா அது என்று எனக்கே சந்தேகம் வந்தது. பெட்டியில் ஐஸும் இல்லை மீனும் இல்லை, அது என்ன பாரம் காட்டும்? மூக்கு அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போகிறது, பின்னால் இவர் புது நாற்காலியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார், முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் துளியும் தெரிந்திருக்காது. அப்போது பயணிகள் படகு அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. நிறைய ஆட்கள் ஏறியிருந்தார்கள். அது ஹார்ன் அடித்தது. அவர் திரும்பவில்லை. நீளமாக இன்னொரு தடவை அடித்தது, துறையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், அவர் அப்படியே நடு வழியில் போய்க்கொண்டிருக்கிறார். நான் துறையின் கோடி வரைக்கும் ஓடினேன், கையில் இருந்த பையை ஆட்டினேன், கத்தினேன். யாரிடம் கத்துகிறேன்? அதை நினைத்தால் இப்போதும் எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பார்.

பயணிகள் படகை ஓட்டியவர் கெட்டிக்காரர். வேகத்தைச் சட்டென்று குறைத்து, ஒடித்து விலக்கிக்கொண்டு போய்விட்டார். கைக்கெட்டும் தூரம் என்று சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகத்தான் இருக்கும், ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. அது கிளப்பிய அலை நம் படகின் பக்கவாட்டில் வந்து மோதியது. அவ்வளவுதான், அந்தத் திருகாணிகள் எல்லாம் ஒன்றுசேர விட்டுக்கொடுத்துவிட்டன. நாற்காலியும் உன் அப்பாவும் சேர்ந்தே சாய்ந்தார்கள். நல்லவேளை, உள்பக்கமாகச் சாய்ந்தார்கள். வெளிப்பக்கமாகப் போயிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். துறையில் நின்றவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் எஞ்சினை மெதுவாக ஓட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடி, நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பி வந்தார். நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கயிற்றை வாங்கிக் கட்டினேன். பயணிகள் படகுக்காரர் ஆட்களை இறக்கிவிட்டு நேராக எங்களிடம் வந்து, யோவ், காது என்ன செவிடா, எத்தனை தடவை அடிக்கிறது என்று கத்தினார். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? எஞ்சின் சத்தத்துல கேக்கலப்பா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, எல்லோரும் பார்க்க, ஆமாம், செவிடுதான், ரெண்டு வருஷமா செவிடு என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு தன் படகுக்குத் திரும்பிவிட்டார். உன் அப்பா என்னை நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

நானும் பின்னாலேயே வீட்டுக்கு வந்தேன். நான் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்தேன், பிறகுதான் அது அவருக்குக் கேட்காதே என்று ஞாபகம் வந்தது. கோபத்தைக்கூட அவருக்கு எதிரில் போய் நின்றுதான் காட்ட வேண்டியிருக்கிறது. சரி என்று எதிரில் போய் நின்றேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், சாகத்தான் போனீர்களா என்று கேட்டேன். வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கால் கட்டை விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே, அன்னைக்கு நீ பெட்டிக்குள்ள விழுந்த, நான் வலை இழுத்துக்கிட்டு இருந்தேன், நீ தண்ணிக்குள்ள விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும், எனக்குத் தெரிஞ்சே இருக்காது, கரைக்கு வந்துதான் நீ இல்லைங்கறதே தெரிஞ்சிருக்கும் என்றார். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல, அதான் நீ வர வேண்டாம்னு சொன்னேன் என்றார்.

பெரியவனே, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் என்னைக் கழித்துக்கட்டுகிறார், நான் கிழவியாகிவிட்டேன் என்று நினைக்கிறார் என்று பொருமிக்கொண்டிருந்தேன். மனிதர் எனக்காகப் பயந்துபோய்க் கிடந்திருக்கிறார். ஆனால் அதற்காக என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இன்னும் அதிகமாகத்தான் வந்தது. நான் விழுந்தால் உங்களுக்குத் தெரியாது, சரி, நீங்கள் தனியாகப் போய் விழுந்தால் யாருக்குத் தெரியும், அந்த ஐஸ் பெட்டிக்கா தெரியும் என்று கேட்டேன். உனக்குப் பதில் இருந்தால் எழுது. பயம் வந்தால் அதை என்னிடம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாமல் பிள்ளையிடம் போன் போட்டு என் இடத்தைப் பிடுங்குவது என்ன வைத்தியம்? நீயாவது, இந்த மனிதர் ஏன் திடீரென்று அம்மாவை வேண்டாம் என்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? இல்லை. அப்பா கேட்டார், நான் அனுப்பிவிட்டேன், கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாய்.

மறுநாள் காலையில் நானே அந்தத் தச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும், நாற்காலின்னா நாற்காலிதானேம்மா, எங்க போட்டா என்ன என்று ஆரம்பித்தார். உங்கள் வீட்டுத் தரை குதிக்குமா என்று கேட்டேன். உடனே சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குப்பையில் கிடந்த தெர்மோகோலில் நல்லதாக இருந்ததை எல்லாம் நானே பொறுக்கிக் கழுவிக் காய வைத்தேன், குறைந்ததற்கு டிவி கடைக்குப் போய் அட்டைப்பெட்டிக்குள் வைத்து வருமே அந்தத் துண்டுகளை வாங்கி வந்தேன். தண்ணீருக்குத் தாங்கும் கனமான பிளைவுட்டில் இரண்டு பெட்டியையும் புதிதாக அடிக்க வைத்தேன். அறுத்த விளிம்பு எல்லாம் தண்ணீர் குடிக்கும் இடம், அதில் பிசின் பூசாமல் மூட விடவில்லை. தச்சருக்கு முதலில் எரிச்சல், அப்புறம் சுவாரஸ்யம் வந்துவிட்டது, அவரே இந்த மூலையில் இன்னொரு கோட் அடிச்சிரலாமாம்மா என்று கேட்க ஆரம்பித்தார். உன் அப்பா கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்தார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டார். நான் ஆணியை நீட்டினேன்.

நாற்காலியை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கோபத்தில் அதை உனக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று கூட நினைத்தேன். மருமகள் வருத்தப்படுவாளே என்றுதான் விட்டேன். அந்த நீளக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டேன், அவ்வளவு உயரத்தில் ஆள் உட்கார்ந்தால் சின்னப் படகு தாங்காது, தொட்டதற்கெல்லாம் ஆடும். சுற்றும் தட்டை மட்டும் வைத்து, முன்பக்கப் பெட்டியின் மேலேயே, தாழ்வாக, அவருடைய பழைய இடத்தில் நாற்காலியைப் போடச் சொன்னேன். மூடிக்கு அடியில் கனமான கட்டை கொடுத்து, மேலிருந்து கீழே ஊடுருவிப் போகும் நீளப் போல்ட் போட்டு, அடியில் அகலமான வாஷர் வைத்து, தளராத நட்டைப் போட்டு முடுக்கி, ஓட்டையைச் சுற்றி சிலிகான் பூசி எல்லாம் முடித்தாயிற்று. கடைசியில் தச்சரையே அதில் உட்கார வைத்து, நானும் உன் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோ ஆட்டு என்று ஆட்டினோம். போதும்மா, கழுத்து சுளுக்கிக்கும் என்று அவர் கெஞ்சினார். நாற்காலி அசையவில்லை.

இப்போது கேள், நான் செய்ததை. அந்த நாற்காலி எந்தப் பக்கமும் சுற்றும் என்று எழுதினேன் அல்லவா? அதைப் பின்னால் பார்க்கத் திருப்பி, கம்பியைச் செருகிப் பூட்டிவிட்டேன். அதாவது படகு போகும்போது உன் அப்பா போகும் திசையைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்த்துக்கொண்டு வருவார். வழியைப் பார்ப்பது எப்போதும் என் வேலைதானே, அவர் முன்னால் பார்த்து என்ன ஆகப்போகிறது? நான் கையைத் தூக்கினால் நிறுத்து என்று அர்த்தம், தலையைத் தொட்டால் பெரிய படகு வருகிறது, இரண்டு கையையும் சேர்த்தால் வலையை இறக்கலாம். வலை இழுக்க வேண்டிய நேரத்தில் கம்பியை உருவிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார், இழுத்து முடித்ததும் திரும்ப என் பக்கம். இழுக்கும்போது மட்டும் என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறு நுனி அவர் மணிக்கட்டில் இருக்கும், அது அவர் போட்ட நிபந்தனை, நானும் ஒத்துக்கொண்டேன். துறையில் சிலர் இதைப் பார்த்துவிட்டு, என்ன அண்ணே, கல்யாண போட்டோவுக்கா உட்கார்ந்திருக்கீங்க என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். அவருக்குத்தான் காதில் விழாதே. எனக்கு நீ இன்னொரு நாற்காலி அனுப்ப வேண்டாம். இப்போது நினைத்துக்கொண்டு அனுப்பிவிடாதே. என் பெட்டிமேல் எனக்கு நானே பலகை போட்டுக்கொண்டேன், மெத்தையும் தைத்துக்கொண்டேன், உன் தயவு எனக்குத் தேவையில்லை.

மற்றபடி வீட்டு விஷயம் என்றால், உன் தங்கைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இளைத்திருக்கிறாள். குழந்தை எதைக் கொடுத்தாலும் முதலில் கீழே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறது. சின்ன அறையின் கூரை ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. அந்தக் காய்ச்சலிலும் உன் தங்கையை நான் விடவில்லை, உனக்குத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று ஒரு பிடி பிடித்துவிட்டேன், அழுதாள், கட்டிக்கொண்டேன், அவள் கணக்கு தீர்ந்தது. உன் கணக்கு நீ நேரில் வரும்போதுதான் தீரும். நீ எப்போது பார்த்தாலும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாயாமே, மருமகள் சொன்னாள். சத்தத்தைக் குறைத்து வை. உன் அப்பா வாழ்நாள் முழுவதும் எஞ்சின் சத்தத்திலேயே இருந்து காதைக் கொடுத்தார், நீ சும்மா உட்கார்ந்துகொண்டு கொடுக்காதே. அவளையும் வேளைக்குச் சாப்பிட வை.

காது டாக்டரிடம் நான் அவரை அழைத்துப் போகிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ பாட்டுக்குக் கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து ஏதாவது காது மெஷின் வாங்கி அனுப்பிவிடாதே. எது அனுப்புவதாக இருந்தாலும் என்னைக் கேட்டுவிட்டு அனுப்பு. இதை இரண்டு தடவை படி. அப்பாவிடம் பேச வேண்டும் என்றால் முகம் தெரிகிற மாதிரி போன் பண்ணு, வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு, மெதுவாக, வாயைத் திறந்து பேசு. அந்த மீசையைக் கொஞ்சம் வெட்டிக்கொள், உதடு தெரிய வேண்டும். நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல், நிறைய வருஷம், சண்டை போட்டாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். அதுதான் என் ஆசீர்வாதம்.

முடிக்கும் முன் ஒன்று. இன்று காலையில்தான் புது ஏற்பாட்டோடு முதல் தடவை வெளியே போனோம். துறையைத் தாண்டியதும் உன்மேல் இருந்த கோபம் எனக்கு மறுபடியும் கிளம்பிவிட்டது. எஞ்சினைப் பிடித்துக்கொண்டு என்பாட்டுக்கு உன்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வழக்கம்போல் அவருக்குக் கேட்காது என்ற தைரியம்தான். கேட்காதபோதெல்லாம் இந்த மனிதர் என்ன செய்வார் என்று உனக்குச் சொல்லிவிட்டேன், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட, எனக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல் என்று யாரிடமும் அவர் கேட்டதில்லை. இன்றைக்கு எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையாட்டவில்லை. கையைத் தூக்கினார், நிறுத்து என்று. நான் பதறிப்போய் எஞ்சினை அணைத்துவிட்டு என்ன ஆச்சு என்று பார்த்தால், குனிந்து என் பக்கமாக முகத்தை நீட்டி, எனக்குக் கேக்கல, என்ன சொன்ன, திரும்பச் சொல்லு என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருந்தாலும் கேட்டவருக்குச் சொல்ல வேண்டாமா? துடைத்துக்கொண்டு, உன்னை முதலிலிருந்து மறுபடியும் திட்டினேன், ஒரு வார்த்தை விடாமல், மெதுவாக.

கோபம் தீராத,
உன் அம்மா